ஜெல் கெட்டியாக இருந்தால் சத்து அதிகமா?

கடையில் கற்றாழை ஜெல் டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு, சுத்தமான சரக்கு" என்று சொல்லி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சோற்றுக்கற்றாழை மடலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை மிக்சியில் ஒரு சுற்று விட்டுப் பாருங்கள், தண்ணீராக ஓடும். டப்பாவில் அது அசையாமல் நிற்கிறதென்றால் பெரும்பாலும் கார்போமர் போன்ற ஒரு கெட்டியாக்கிதான் காரணம்.

கார்போமர் அக்ரிலிக் அமிலத்திலிருந்து செய்யும் செயற்கைப் பாலிமர், அதாவது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு, பார்க்க வெள்ளைப் பொடி. நூறு கிராம் ஜெல்லுக்குப் பல நேரம் அரை கிராமே போதும். தண்ணீரில் கரைக்கும்போது அமிலத்தன்மையோடு கலங்கலாகத்தான் இருக்கும், அதில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் சுருண்டு கிடந்த சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளி விரிந்து, அவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதே ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினால் அந்தத் தள்ளல் அடங்கி, நீர்த்துப் போகும். கற்றாழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்காக, "பாலிமர் என்றால் பிளாஸ்டிக், தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும்" என்று வாட்ஸப்பில் சுற்றும் பயத்தையும் நான் ஏற்கவில்லை. தோலைத் தாண்டிப் போக முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு அது. கண் வறட்சிக்குக் கொடுக்கும் ஜெல்லிலேயே கார்போமர் இருக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். கார்போமரில் 934, 940, 941 என்று எண் போட்ட பழைய வகைகளை பென்சீனைக் கரைப்பானாக வைத்துத்தான் தயாரித்து வந்தார்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள், அதன் மிச்சம் பொடியில் தங்கும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பென்சீனில் செய்த கார்போமரை விட்டு மாறும்படி மருந்துக் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாற்று இல்லாமலும் இல்லை, பென்சீன் இல்லாமல் செய்யும் 980 எப்போதோ வந்துவிட்டது. ஆனால் நாம் வாங்கும் க்ரீமின் லேபிளில் எந்த வகையாக இருந்தாலும் வெறும் 'கார்போமர்' என்றுதான் இருக்கும். காசு கொடுத்து முகத்தில் பூசுகிறவருக்கு அது எதில் செய்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை, இது எப்படிச் சரியாகும்?

வீட்டிலேயே ஜெல் செய்து விற்கும் அக்காமார்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆன்லைனில் 940 பொடி வாங்குவதற்கு முன்னால், எந்தக் கரைப்பானில் செய்தது, பென்சீன் மிச்சம் எவ்வளவு என்று பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பொடி வேண்டாம்.