துருவால் வருவதில்லை டெட்டனஸ்

‘துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும், புது ஆணி, முள் என்றால் ஊசி வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. நம்பினால் உயிருக்கே ஆபத்து.

காரணம் துரு அல்ல, கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா. 1889-இல் ஜப்பானியரான கிடாசாட்டோ இதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து, நரம்பைத் தாக்கும் நச்சைச் சுரக்கும். பெரும்பாலும் முதலில் தாடைதான் இறுகும். வாயைத் திறக்க முடியாது. வயலில் ஏறிய கருவேல முள்ளே இதற்குப் போதும். முனை உள்ளே ஒடிந்து, மேலே தோல் மூடிக்கொண்டால் இன்னும் மோசம்.

சரி, என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தில் மண், சாணம் எதையும் அப்பாதீர்கள். மண்பட்ட காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.