மேல்கோலைப் பார்த்து முதல் பாதி

நம் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட டீமுக்கு மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. 1-2, 0-3, 1-4. ஏன் தோற்றோம் என்று கழகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நடக்கும் சண்டையில் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். கோபம் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு வந்து திட்டுங்கள்.

முதலில் நடுவர் விஷயம். இரண்டாவது மேட்சில் நம் கோல்கீப்பர் தம்பி பெனால்டியைத் தடுத்தான். நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார், அது கோல். அன்றிலிருந்து "நடுவரை வாங்கிட்டானுங்க" என்று ஒரே பேச்சு. கோலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றவன் நான். பந்தை உதைக்கும்போது கோல்கீப்பரின் ஒரு காலாவது கோல் கோட்டில் இருக்க வேண்டும், 2019இலிருந்து விதி அதுதான். தம்பி இரண்டு எட்டு வந்துவிட்டான். நடுவர் செய்தது சரி.

டீக்கடையில் இன்னொரு கட்சி. இலங்கையில் உதைபந்தாட்டமே செத்துவிட்டது, 2023 ஜனவரியில் ஃபிஃபாவே நம்மைத் தடை செய்யவில்லையா என்கிறார்கள். செய்தது, ஆகஸ்டில் நீக்கியும் விட்டது. உடனே மாமா ஒருவர், 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கோப்பை எடுத்தோமே என்று ஆரம்பித்துவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பையன்கள் கடைசி இருபது நிமிடம் ஓடாமல் இடுப்பில் கை வைத்து நின்றதற்கும் ஃபிஃபாவுக்கும் என்ன சம்பந்தம்?

விஷயமே அந்த இருபது நிமிடம்தான். நாம் வாங்கியது ஒன்பது கோல், அதில் ஆறு அப்போதுதான் விழுந்தது. ஏன்? முதல் பதினொருவரில் ஏழு பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறவர்கள். சனிக்கிழமை கடை பூட்டி, இரவு பஸ் ஏறி, அவிசாவளை, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஹட்டனில் இறங்கும்போது விடிந்துவிடும். அம்மா கையால் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மத்தியானம் பூட்ஸ் மாட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பந்து வாங்கவும் வலை வாங்கவும் காசு அனுப்புவது அவர்கள்தான். முதல் பாதியில் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தால் யாரும் நம்மைத் தோற்கிற டீம் என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் கால் கனத்துப்போகிறது.

ஆனால் தோட்டத்திலேயே இருக்கிற பொடியன்கள்? ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன், ஃபெக்டரியில் வேலை பார்ப்பவன், ஆட்டோ ஓட்டுபவன். தினமும் சாயங்காலம் பனி இறங்கி எதிர்க்கோல் மறையும் வரை ஓடுகிறார்கள். மேட்ச் அன்றைக்கு மட்டும் ஜேர்சியை மடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் நாலு பேரையாவது முதலிலேயே இறக்குங்கள். கொழும்புத் தம்பிகள் பாதி பாதியாக ஆடட்டும். "காசு குடுக்கிறவனை உட்கார வைக்கிறதா?" என்று கமிட்டியில் கேட்பார்கள். உட்கார வைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது நம் கிரவுண்டு. மலையை வெட்டிச் செய்த கிரவுண்டு. மேல்கோலிலிருந்து கீழ்கோலுக்கு உருட்டிவிட்டால் பந்து தானாகவே போகும். 0-3 மேட்ச் இங்கேதான் நடந்தது. டாஸ் ஜெயித்த நம் கேப்டன் ஆசைப்பட்டு முதல் பாதியைக் கீழ்ப்பக்கம் பார்த்து எடுத்தார். நீட்டி நீட்டி அடித்த பந்தெல்லாம் தேயிலைக்குள் போனது, கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் களைத்த காலோடு முப்பத்தைந்து நிமிடம் மேடு ஏறினோம். மூன்று கோலும் அப்போது வாங்கியதுதான்.

கேப்டன், இந்தத் தடவை டாஸ் ஜெயித்தால் முதல் பாதி மேல்கோலைப் பார்த்து ஆடக் கேளுங்கள். மூச்சு இருக்கும்போதே மேடு ஏறிவிடுவோம், கடைசி இருபது நிமிடம் பள்ளம் நமக்கு. டாஸ் தோற்றாலும் பயமில்லை. வெளியூர்க்காரர்கள் கிரவுண்டைப் பார்த்ததும் கீழ்ப்பக்கம்தான் கேட்பார்கள், நாமும் அப்படித்தானே செய்தோம். 2-1 ஜெயிப்போம் என்று என் மனசு சொல்கிறது. போன மூன்று தடவையும் அதேதான் சொன்னது, அது வேறு கதை.

ஞாயிறு இரண்டரைக்கு மேட்ச். பந்து பொறுக்க நாலு பேர் தேயிலைக்குள் நிற்க வேண்டும். மழை விட்டபாடில்லை, அட்டை நிறைய இருக்கும். வருகிறவர்கள் ஒரு பொட்டலம் உப்பு கொண்டு வாருங்கள்.