சாவி டீ குடிக்கப் போயிருக்கிறது

மாடு வருமாம். அதனால்தான் வழியைக் குறுக்கி வைத்திருக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில், வீல்சேரில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் குழாய் கேட் முன்னால் நின்றபோது வாட்ச்மேனிடம் எனக்குக் கிடைத்த பதில் இது. எந்த கேட் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே நுழைந்து, இடுப்பை வளைத்து, ஒரு அரைவட்டம் அடித்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். கொஞ்சம் தொப்பை இருந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். கோயில், பூங்கா, ஏரிக்கரை என்று எங்கே பார்த்தாலும் நட்டு வைத்திருக்கிறார்களே, அதேதான்.

எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. சொல்லாமல் விட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பூங்காக்காரர்களும் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அம்மாவுக்கு 72 வயது. பக்கவாதம் வந்து இடது கால் ஓய்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவள் பார்த்த ஊர் உலகம் எல்லாம் ஆஸ்பத்திரி, பிசியோதெரபி, மறுபடியும் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரே ஒரு கல்யாணம். அதிலும் தாலி கட்டியது கீழே, பந்தி மாடியில். எங்களுக்கு இலையை மடித்துப் பார்சலாகக் கொடுத்துவிட்டார்கள். "எங்கயாவது தண்ணி பாக்குற மாதிரி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போடா" என்று அவளாகக் கேட்டது போன வாரம்தான்.

தண்ணீர் என்றால் எங்கள் பக்கம் ஒகேனக்கல். அங்கே பாறை. பரிசலில் ஏறும்போது நல்ல காலே நடுங்கும். அதைக் குறை சொல்லவில்லை, காவிரி யாரைக் கேட்டுக்கொண்டா பாறையை அறுத்தது? தீர்த்தமலை என்றால் படி. கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை எல்லாம் மலை உச்சி. இங்கே ராஜாவும் மேலே, சாமியும் மேலே. அதியமான் ஒருவன்தான் விவரம் தெரிந்தவன். ஏற முடியாத மலையிலிருந்து நெல்லிக்கனியைத் தானே கொண்டுவந்து ஔவையின் கையில் கொடுத்தான். "மேல இருக்கு பாட்டி, போய்ப் பறிச்சுக்கோ" என்று சொல்லவில்லை. அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அந்தக் குணத்தை எந்த வருஷத்தில் தொலைத்தோமோ தெரியாது.

சரி, சமதளமாக ஒரு பூங்கா, பக்கத்தில் தண்ணீர், போதும் என்று முடிவு செய்தேன். முன்ஜாக்கிரதை முத்தண்ணா இல்லையா நான், இரண்டு நாள் முன்பே போன் போட்டுக் கேட்டேன். "தாராளமா வரலாம் சார், சாய்தளமே போட்டிருக்கோம்" என்றார் ஒருவர். பொய் இல்லை. சாய்தளம் இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே, நாற்பது அடி தள்ளி. எவர்சில்வர் கைப்பிடி, நீலப் பலகை, அதில் வெள்ளையாக வீல்சேர் படம். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒருவர் அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரை எழுப்புகிற மாதிரி எந்த வீல்சேரும் அதுவரை வந்திருக்காது. வர முடியாதே!

கையால் சாண் போட்டு அளந்தேன். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இரண்டு சாணும் நாலு விரலும். வீல்சேர் மூன்று சாணுக்கு ஒரு விரல் குறைவு. நான் அளந்துகொண்டிருந்தபோது டிக்கெட் கொடுப்பவர் கூண்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "ரெண்டு பேருக்கு டிக்கெட், வண்டிக்குத் தனி."

"எந்த வண்டிக்கு?"

வீல்சேரைப் பார்த்தார். "சக்கரம் இருக்குல்ல சார்."

அவர் விளையாடவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. அதை வெளியே நிறுத்திவிட்டு அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போகச் சொன்னார், பத்தடிதானே என்று. அம்மா நடப்பாள் என்றால் இந்த இழவை நான் எதற்குத் தள்ளிக்கொண்டு வருகிறேன்? பக்கத்திலேயே லாரி நுழைகிற அளவுக்கு ஒரு பெரிய கேட், அதில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. அதைத் திறக்கச் சொன்னேன்.

"சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு சார்."

"அவர் எங்கே?"

"டீ குடிக்கப் போயிருக்காரு."

"எப்போ வருவார்?"

"குடிச்சிட்டு வருவாரு."

நாற்பது நிமிஷம். டீ குடிக்க நாற்பது நிமிஷம் என்றால் ஆள் நீலகிரிக்குப் போய் இலை கிள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குள் ஆலோசனைக் கமிட்டி கூடிவிட்டது. "தூக்கிடலாம் சார், ஒரே தூக்கு" என்று நாலு பேர். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்று, ரெண்டு, மூணு சொல்லிவிட்டார்கள். அம்மா அந்தரத்தில். தோளுயரத்தில், நாலு பேர் கையில், மடியில் மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்தபடி, சாட்சாத் அம்மன் புறப்பாடு. தீவட்டி ஒன்றுதான் பாக்கி. ஒரு பையன் போனை எடுத்துப் படம்பிடிக்கவே ஆரம்பித்துவிட்டான். சேலை முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொண்டு இழுக்க, அம்மா "இறக்குங்கடா!" என்று போட்ட சத்தத்தில் சாய்தளத்துக்காரர் எழுந்து உட்கார்ந்தார். இறக்கினார்கள். முந்தானையில் ஒரு முழம் கிரீஸ்.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "இவங்களை எல்லாம் எதுக்கு சார் இந்த வெயில்ல வெளிய கூட்டிட்டு வர்றீங்க? வீட்ல நிம்மதியா டிவி பாக்கலாம்ல."

இவங்களை எல்லாம். அம்மா காது நன்றாகவே கேட்கும்.

எனக்கு ஏறியது பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று, 2017-ல் விதிகள் வந்தன, இருக்கிற பொதுக் கட்டடங்களை 5 வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது, அந்தக் கெடு 2022-லேயே முடிந்தது, இதெல்லாம் இஷ்டமிருந்தால் செய்கிற வேலை இல்லை, கட்டாய விதியாக எழுதுங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சாய்தளக் கணக்கு வேறு. டிக்கெட்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் மேல பேசுங்க சார்" என்றார்.

மேலே! இங்கேயும் மேலே!

ஓட்டுப் போடும் நாளில் மட்டும் பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் முளைக்கும், வீல்சேர் வரும், தள்ளிக்கொண்டு போக ஆள் நிற்கும். அந்த ஒரு நாள் அம்மாவுக்கு இருக்கிற மரியாதை... விடுங்கள். சென்னையில் மெரினா மணலில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். எங்களுக்குக் கடல் இல்லை, மணல் இல்லை. ஒரே ஒரு பூட்டு, அதையும் திறக்க ஆள் இல்லை.

"டேய், அங்க பாரு" என்றாள் அம்மா.

கேட்டுக்கு அந்தப் பக்கம், நீலப் பலகைக்கு அடியில், ஒரு செவலை மாடு. கன்றுக்குட்டியோடு. செம்பருத்திச் செடியை ரசித்து மென்றுகொண்டிருந்தது.

வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "அது பின்பக்கமா வந்துடும் சார். அங்க காம்பவுண்டு சுவர் இடிஞ்சு கிடக்கு."

"அப்போ நாங்களும் அந்த வழியா வரலாமா?"

உண்மையிலேயே யோசித்தார். "வரலாம். ஆனா கல்லு கிடக்கு சார், வீல்சேருக்குச் சரிப்படாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம்தான் ஒத்துழைக்கும், அந்த ஒரு பக்கத்தாலேயே தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "மாட்டுக்கு டிக்கெட் போட்டாங்களான்னு கேளுடா" என்றாள். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, நானும் சிரித்தேன், வாட்ச்மேனும் சிரித்தார், டிக்கெட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வீல்சேரை மடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பல்லைக் குத்திக்கொண்டே ஒருவர் சாவிக் கொத்தோடு வந்தார்.

திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் மாம்பழம் வாங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு வேகாது. மாம்பழத்துக்குப் பேர் போன கிருஷ்ணகிரி, கடைக்குப் பின்னாலேயே மாந்தோப்பு, கிலோ 120 ரூபாய். வெளியே தகதகவென்று மஞ்சள், அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளை வெளேர். கல் வைத்துப் பழுக்க வைத்திருக்கிறான், படுபாவி. அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அந்த மாட்டோட சேர்ந்து செம்பருத்தியே தின்னிருக்கலாம்டா."