கட்டியது காற்றுக்கு, போனது எங்கோ

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் குறுஞ்செய்தியைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கிறது. மின்விசிறியைக் கூட்டி வைக்கவும் பயம். இந்த முறை 512 யூனிட். 500-ஐத் தாண்டிய குற்றத்துக்குச் சலுகையிலும் ஒரு பகுதி பறிபோனது.

"எல்லாம் சுற்றுச்சூழல் விதிகளால் வந்த செலவு" என்கிறார் எதிர்வீட்டு மாமா. இருக்கட்டும். நல்ல காற்றுக்குக் காசு கொடுக்க நான் தயங்கவில்லை. காற்று எங்கே என்றுதான் கேட்கிறேன்.

தூய ஆற்றலுக்கென்று 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ஆனது. மறு ஆண்டே ஜிஎஸ்டி வந்து, அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. கோயில் உண்டியலை உடைத்து ஊர்க்கடனை அடைத்த கதை! அனல்மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டுக் கெடு ஜவ்வு மிட்டாயாக இழுபட்டு, கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இரண்டு ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன.