முயல் தின்னும் ஊமத்தை மனிதருக்கு மருந்தல்ல

"முயல் ஊமத்தை இலை தின்றும் சாகவில்லை; ஆகவே மூச்சிளைப்புக்கு அந்தச் சாற்றைத் துணிந்து குடிக்கலாம்" என்ற செய்தி திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு, உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

ஊமத்தையில் அத்திரோப்பீன், ஹயோசயமீன், ஸ்கோபொலமீன் ஆகிய நச்சுகள் இருக்கின்றன. பல முயல்களின் குருதியில் அத்திரோப்பீனை இரண்டாக உடைக்கும் நொதியம் உண்டு. உடைந்தபின் அதன் வீரியம் போய்விடும். எல்லா முயல்களுக்கும் அது வாய்ப்பதில்லை, பரம்பரையைப் பொறுத்தது. மனிதக் குருதியிலோ அந்த நொதியம் இல்லை. ஈரலும் சிறுநீரகமும் மெல்ல மெல்ல வெளியேற்றும்வரை நஞ்சு உடலில் நின்று வேலை செய்கிறது: வாய் உலரும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், சித்தம் கலங்கும்.

மருத்துவமனையில் அத்திரோப்பீன் ஊசி போடுகிறார்களே என்றும் கேட்கிறார்கள். உண்மைதான், சில வகைப் பூச்சிமருந்து நஞ்சேறியவர்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் அங்கே மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும். நிலாவெளி வேலியோரம் முளைத்த செடியில் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

பிள்ளைகள் ஊமத்தை விதையைத் தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். செடியின் துண்டொன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.