டூட்டூவின் நோபல் பரிசு: ஆண்டு இடிக்கிறது

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஆங்கிலிக்கன் மதகுரு டெஸ்மண்ட் டூட்டூ, கேப் டவுன் ஆர்ச்பிஷப்பாக (பேராயராக) இருந்தபோது நோபல் அமைதிப் பரிசு பெற்றார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வரிசை மாறிவிட்டது.

பரிசு அறிவிக்கப்பட்டது 1984 அக்டோபரில். அப்போது அவர் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர். செய்தி வந்தபோது நியூயார்க்கில் ஓர் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1985இல் ஜோகன்னஸ்பர்க் பிஷப். கேப் டவுன் பொறுப்பு 1986 செப்டம்பரில்தான். ஓய்வு 1996இல்.

சரிபார்ப்பது எளிது. நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1984ஆம் ஆண்டின் அமைதிப் பரிசுப் பக்கத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. 1978இல் அவர் ஏற்ற பொறுப்பு எது என்று அதில் பாருங்கள். பிறகு பரிசு கிடைத்த ஆண்டை ஆர்ச்பிஷப் பதவியேற்பு ஆண்டுடன் ஒப்பிடுங்கள்.