பியூட்டி பார்லர் வேலைக்கு முன் அனுபவம் சட்டமா?

“ஒரு வருட பார்லர் அனுபவமும் லைசன்ஸும் இல்லாதவரை வேலைக்கு எடுத்தால் சட்டப்படி குற்றம்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி இரண்டு பேர் விண்ணப்பிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லைங்க. உள்ளாட்சி லைசன்ஸ் கடைக்குத்தான், வேலை செய்பவருக்கு அல்ல. அமெரிக்காவில் அழகுக்கலை செய்பவருக்கு மாநில லைசன்ஸ் கட்டாயம். அந்த ஊர் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வந்த குழப்பமாக இருக்கலாம். “அனுபவம் தேவை” என்று விளம்பரத்தில் போடுவது அந்தந்த ஓனரின் விருப்பம். அதை நேரில் பேசிப் பார்க்கலாம். பல இடங்களில் பேப்பரைவிட கையைத்தான் பார்ப்பார்கள்: புருவம் திருத்தும் நூலைக் கொடுத்து, அங்கே வேலை செய்யும் பெண்ணின் புருவத்தில் ‘ரெண்டு இழு இழுத்துக் காட்டுமா’ என்பார்கள். வீட்டில் முழங்காலில் நூல் ஓட்டிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். மத்திய அரசின் ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தில் ஐடிஐ ‘பேசிக் காஸ்மெட்டாலஜி’ (அடிப்படை அழகுக்கலை) பாடத்திட்டத்தைத் திறந்து, சேர்க்கைத் தகுதி என்ற வரியைப் பாருங்கள். ஒரு வருடப் படிப்பு, பார்லர் அனுபவம் கேட்பதில்லை. அப்புறம், மேலே எழுதியவரிடமும் ஒரு வேண்டுகோள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டால் எல்லோரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.